வாற கிழமை மூக்கால கமரா விட்டுத் தொண்டை பாக்கப் போறாங்களாம், சரியான பயமா இருக்கு, செஞ்ச ஆக்கள் யாராச்சும் இருக்கிறீங்களா

களுவாஞ்சி டீச்சர்:

எல்லாருக்கும் வணக்கம். நான் களுவாஞ்சிக்குடிப் பக்கம் ஸ்கொலசிப் வகுப்பு எடுக்கிற ஆள். போன தவணை முடியிற நேரம் தொண்டை கட்டினது, இன்னும் குரல் திரும்பல்ல. முதல்ல தடிமன் எண்டு நினைச்சு கொத்தமல்லி அவிச்சுக் குடிச்சன், உப்புத் தண்ணியால கொப்பளிச்சன், ஆவி புடிச்சன், தடிமன் போயிட்டு ஆனா குரல் மட்டும் அப்பிடியே நிக்கிது. விடிய எழும்பினா கொஞ்சம் பரவாயில்ல, ரெண்டாம் பாடம் முடியக்குள்ள கரகரத்து அதுக்குப் பிறகு காத்து மட்டும்தான் வருது. எங்கட வகுப்பு மெயின் ரோட்டுப் பக்கம், கல்முனை பஸ் ஒவ்வொண்டும் ஹோன் அடிச்சிட்டுப் போகக்குள்ள கடைசி வாங்குல இருக்கிற பிள்ளைக்கு கேக்கவேணும் எண்டா கத்தத்தான் வேணும், வேற வழி இல்ல.

ஓ.பி.டி.யில காட்டி துண்டு எடுத்துக்கொண்டு காது மூக்கு தொண்டை கிளினிக்குக்குப் போனன். டொக்டர் நல்ல பொறுமையான ஆள். நாக்க ஒரு துணித் துண்டால புடிச்சு இழுத்து வச்சுக்கொண்டு சின்னக் கண்ணாடி ஒண்ட உள்ளுக்கு விட்டுப் பாக்க வெளிக்கிட்டார், அது அண்ணாக்குல பட்டதுதான் தாமதம், ஓங்காளம் வந்து கண்ணால தண்ணி ஊத்தி அவருக்கு ஒண்டுமே பாக்க ஏலாமப் போயிட்டு. "பரவாயில்ல டீச்சர், வாற கிழமை மூக்கால கமரா விட்டுப் பாப்பம்" எண்டு கிளினிக் கொப்பியில திகதி போட்டுத் தந்துட்டார்.

அண்டையில இருந்து எனக்கு நித்திர இல்ல. கண்ணாடி பட்டதுக்கே அந்தப் பாடு எண்டா வயர் ஒண்டு மூக்கால போய் தொண்டைக்குள்ள நிக்கக்குள்ள எப்பிடி மூச்சு விடுற? இடையில சத்தி வந்தா என்ன செய்யிற? மயக்கி விட்டுட்டுச் செய்வாங்களா இல்ல முழிச்சிருக்கக்குள்ளயேவா? சாப்பிட்டுட்டுப் போகலாமா? வீட்டுக்காரர் "அது ஒண்டும் இல்ல, போய்ட்டு வாங்க" எண்டு சொல்றார், அவர் நல்லதுக்குத்தான் சொல்றார் ஆனா அந்தச் சொல்லால என்ட நெஞ்சுப் படபடப்பு குறையுதில்ல. உள்ளுக்கு ஏதும் கூடாத வருத்தம் எண்டு சொல்லிருவாங்களோ எண்ட பயமும் சேந்து கிடக்கு. செஞ்ச ஆக்கள் நடந்தத நடந்த மாதிரி எழுதுங்க, நோகும் எண்டா நோகும் எண்டே எழுதுங்க, தெரிஞ்சுகொண்டு போனா எனக்கு நல்லம்.

அக்கரைப்பற்று நானா:

டீச்சர், நான் பள்ளிவாசல்ல பாங்கு சொல்ற ஆள், எனக்கும் குரல் அடைச்சுத்தான் இதச் செஞ்ச. உங்களப் போலதான் எனக்கும் மூச்சு அடைச்சிருமோ எண்ட பயம்தான் பெரிசா இருந்த. அதுனால நடந்தத ஒவ்வொண்டா செல்றன்.

கதிரையிலதான் இருத்துவாங்க, படுக்க வைக்கிறல்ல, மயக்கிறதும் இல்ல. முதல்ல மூக்குக்குள்ள மருந்து அடிப்பாங்க. அது கசப்பு, சரியான கசப்பு, மூக்கால இறங்கி தொண்டைக்கு வந்து நாக்குக்கு அடியில எல்லாம் கசக்கும், எனக்கு கமராவ விட அந்தக் கசப்புத்தான் இண்டைக்கும் ஞாபகம் இரிக்கி. மறுகா கொஞ்ச நேரம் வெளிய வாங்குல இருக்கச் செல்லுவாங்க, அந்த நேரம் மூக்கு, மேல் அண்ணம், தொண்டை எல்லாம் மரத்துப் போகும். அதுக்குப் பொறகுதான் கமரா. அது நாம நினைக்கிற மாதிரி தடிப்பான வயர் இல்ல, மூண்டு நாலு மில்லிமீற்றர்தான் வரும், ஜூஸ் குடிக்கிற ஸ்ட்ரோவ விட மெல்லிசு, வளைஞ்சு குடுக்கும். மூக்குக்குள்ள போகக்குள்ள ஒரு அழுத்தமும் தும்மல் வாற மாதிரி ஒரு கூச்சமும் இரிக்கும், கண்ணால தண்ணி வரும். நோவு எண்டு செல்ல ஏலா, ஆனா சுகமும் இல்ல, உள்ளதச் செல்றன். எனக்கு வலப்பக்க மூக்கு எப்பவும் அடைப்பு, எலும்பு கொஞ்சம் வளைவாம், அந்தப் பக்கம் விடப் பாத்துட்டு இறுக்கமா இருந்ததால மற்றப் பக்கத்தால விட்டாங்க. உங்களுக்கும் எந்தப் பக்கம் அடைப்பு எண்டு தெரிஞ்சா முதலே செல்லுங்க.

உள்ளுக்குப் போன பொறகு "ஈ... எண்டு இழுங்க" எண்டார் டொக்டர். இழுத்தன். சத்தம் வந்த. அப்பதான் எனக்கு மனசு அடங்கின, சத்தம் வருது எண்டா காத்துப் போய் வருது எண்டுதானே. அல்லாஹ்வுட காவலால கெதியா முடிஞ்ச, வெளிய இருந்து காத்திருந்த நேரம்தான் நீளம்.

பழைய தாதி:

டீச்சர் புள்ள, நானா சொன்னது எல்லாம் சரி. நான் ஆஸ்பத்திரியில இந்தக் கிளினிக்கில கனகாலம் நிண்டு ஓய்வெடுத்தவ, எத்தினையோ பேர கையப் புடிச்சுக்கொண்டு பக்கத்தில நிண்டிருக்கிறன், அதுனால கொஞ்சம் விரிவா எழுதுறன், பொறுமையா வாசிங்க.

கண்ணாடிக்கு ஓங்காளிச்சது உங்கட பலவீனம் இல்ல. அடிநாக்கு, மென்மையான அண்ணம், தொண்டையிட பின்சுவர், இதுகள்ல ஏதும் பட்டா ஓங்காளம் வாறது உடம்பு தன்னக் காப்பாத்திக்கொள்ள வச்சிருக்கிற ஏற்பாடு, பிழையான சாமான் மூச்சுக்குழாய்க்குள்ள போகாம தடுக்கிற வேலை. அது சில பேருக்குக் கூட, சில பேருக்குக் குறைவு, பயந்து போய் இருந்தா இன்னும் கூடும். கண்ணாடி வாயால போறதால நேரா அந்த இடத்திலதான் முட்டும். கமரா அப்பிடி இல்ல, மூக்கால வந்து அண்ணத்துக்குப் பின்பக்கத்தால மேல இருந்து கீழ இறங்கிறதால அடிநாக்குல முட்டுறது குறைவு. அதுனாலதான் கண்ணாடிக்கு ஓங்காளிக்கிற ஆக்களுக்கு டொக்டர்மார் மூக்கால பாப்பம் எண்டு சொல்றது. உங்கட டொக்டர் உங்களுக்கு லேசான வழியத்தான் போட்டுத் தந்திருக்கார், கஷ்டமான வழிய இல்ல.

மூச்சப் பத்தி. கமரா குரல் நாணுக்கு மேலயே நிண்டுதான் பாக்கும், மூச்சுக்குழாய்க்குள்ள இறங்கி அடைக்கிற வேலை இதில இல்ல. போற வழி அகலம், கமரா மெல்லிசு, சுத்தி வர காத்துப் போக இடம் தாராளமா கிடக்கு.

இப்ப நான் சொல்லப் போறத நல்லா மனசில வச்சுக்கொள்ளுங்க, ஏனெண்டா கன பேர் பதகளிக்கிறது கமராவுக்கு இல்ல, அதுக்கு முதல் அடிக்கிற மருந்துக்கு. மரத்துப் போன உடனே தொண்டைக்குள்ள என்னமோ வீங்கி நிக்கிற மாதிரி, எச்சில் விழுங்க ஏலாத மாதிரி தெரியும். "மிஸ் எனக்குத் தொண்டை அடைச்சிட்டு" எண்டு எழும்பி ஓடின ஆக்களயும் கண்டிருக்கன். அடைக்கல்ல மகள், நீங்க விழுங்கிறீங்க, விழுங்கினது உங்களுக்குத் தெரியுதில்ல, அவ்வளவுதான். கையில ஒரு லேஞ்சி வச்சிருங்க, எச்சில விழுங்கப் பயமா இருந்தா அதில துப்புங்க, யாரும் ஒண்டும் நினைக்க மாட்டாங்க.

கதிரையில இருக்கக்குள்ள ரெண்டு காலும் தரையில பதியட்டும், தோள இறக்கி விடுங்க, நாடி கொஞ்சம் முன்னுக்கு வரட்டும். கண்ண இறுக்கி மூடாதீங்க, மூடினா மனசு முழுக்க தொண்டையிலயே போய் நிக்கும், முன்னால சுவரில ஏதாவது ஒண்டப் பாத்துக்கொண்டு இருங்க. மூக்கால மெதுவா இழுத்து மெதுவா விடுங்க. ஓங்காளம் வாற மாதிரி இருந்தா கால் பெருவிரல சப்பாத்துக்குள்ள அசைச்சுக்கொண்டு இருங்க, மனசு அந்தப் பக்கம் போயிரும், சின்ன விசயம்தான் ஆனா நான் சொல்லிக் குடுத்த கன பேருக்கு உதவியிருக்கு.

அதுக்கு மேல முக்கியம், உள்ளுக்குப் போன உடனேயே "எனக்குப் பயம், போனமுறை ஓங்காளிச்சுப் போச்சு" எண்டு வாயத் திறந்து சொல்லுங்க. சொன்னாத்தான் மருந்து நல்லாப் பிடிக்கிற வரைக்கும் பொறுத்திருந்து மெதுவாச் செய்வாங்க. "ஏலாமப் போனா கையத் தூக்குறன், நிப்பாட்டுவீங்களா" எண்டும் கேட்டு வச்சுக்கொள்ளுங்க. நிப்பாட்ட ஏலும் எண்டு தெரிஞ்சிட்டா அரைவாசிப் பயம் அங்கயே போயிரும், பேந்து கனபேர் கையத் தூக்கிறதே இல்ல.

பல்லுப் புடுங்க மரக்கிற ஊசி போட்டு எப்பவாவது ஒத்துக்கொள்ளாமப் போயிருந்தா, மூக்கால ரத்தம் வாற பழக்கம் இருந்தா, ரத்தம் உறையாம இருக்கக் குடிக்கிற குளிசை ஏதும் இருந்தா அதையும் சொல்லுங்க. முடிஞ்ச பிறகு மரமரப்பு விடுற வரைக்கும், கிட்டத்தட்ட ஒரு மணித்தியாலம், ஒண்டும் சாப்பிடாதீங்க குடிக்காதீங்க. வெளிய வந்த உடனே கன்ரீன்ல சுடச்சுட பிளேன்டீ ஒண்டு அடிக்கத்தான் மனம் சொல்லும், வேணாம், மரத்த தொண்டைக்கு சூடு தெரியாது, புரைக்கேறவும் பாக்கும். முதல் ஒரு முடறு பச்சத் தண்ணி குடிச்சுப் பாத்துட்டு சாப்பாட்டுக்குப் போங்க.

சம்மாந்துறை பையன்:

எங்க மாமி இதச் செஞ்சு ஒரு நாள் முழுக்க பட்டினி இருந்து, ஊசி போட்டு, வாயில பிளாஸ்ரிக் வளையம் ஒண்டு வச்சு, சரியா கஷ்டப்பட்டுப் போனா. டீச்சர் யாரையாவது கூட்டிட்டுப் போங்க.

பழைய தாதி:

தம்பி, மாமிக்குச் செஞ்சது வேற, இது வேற, ரெண்டையும் ஒண்டாக்கி டீச்சரப் பயப்படுத்தாதீங்க. அது எண்டொஸ்கொப்பி, இரைப்பை பாக்கிறது. இடப்பக்கமா படுக்க வச்சு வாயால விடுற குழாய், கிட்டத்தட்ட ஒரு சென்ரிமீற்றர் தடிப்பு வரும், இரைப்பை வெறுமையா இருக்கவேணும் எண்டு மணித்தியாலக் கணக்கில பட்டினி இருக்கச் சொல்லுவாங்க, சில ஆக்களுக்கு தூக்கத்துக்கு ஊசியும் போடுவாங்க. டீச்சருக்குச் செய்யிறது இருந்துகொண்டு மூக்கால தொண்டை மட்டும் பாக்கிறது, இதுக்குப் பொதுவா பட்டினி தேவையில்ல, ஆனாலும் வயித்த நிரப்பிக்கொண்டு போகாம லேசா சாப்பிட்டுப் போங்க. கொப்பியில வேற மாதிரி எழுதியிருந்தா அதத்தான் கேக்கவேணும். ஆள் கூட்டிட்டுப் போறது நல்லம்தான், அதில நானும் ஒத்துக்கொள்றன்.

களரி:

டீச்சர், நான் செங்கலடிப் பக்கம், சின்ன வயசில இருந்து வடமோடிக் கூத்து ஆடுறவன். விடிய விடிய மத்தளத்துக்கு மேலால குரல் எழும்பவேணும், அதால தொண்டை எனக்குச் சோறு மாதிரி முக்கியம், பயமும் அதே அளவு இருந்தது, இனிப் பாட ஏலாது எண்டு சொல்லிருவாங்களோ எண்டுதான்.

எனக்குத் துணிவு தந்த விசயம் ஒண்டச் சொல்றன். உயிரோட இருக்கிற மனிசன்ட குரல் நாண் எப்பிடி வேலை செய்யிது எண்டு கண்ணாடியால பாத்து உலகத்துக்குச் சொன்ன ஆள் டொக்டர் இல்ல, ஒரு பாட்டு வாத்தியார். மனுவேல் கார்சியா எண்டு ஸ்பெயின்காரர். 1854ல பல்லு டொக்டர்மார் பாவிக்கிற சின்னக் கண்ணாடிய தன்ட தொண்டைக்குள்ளயே விட்டு, இன்னொரு கண்ணாடியால சூரிய வெளிச்சத்தத் திருப்பிப் புடிச்சு, தான் பாடக்குள்ள உள்ளுக்கு என்ன நடக்குது எண்டு தானே பாத்தார், அடுத்த வருசம் லண்டன் ரோயல் சொசைட்டிக்கு அத எழுதிக் குடுத்தார். மரக்கிற மருந்து ஒண்டும் இல்லாத காலம். அந்த மனிசன் 101 வயசு வரைக்கும் இருந்தவர். குரலால பிழைக்கிற ஒருத்தர் தன்ட குரல் மேல வச்ச ஆசையாலதான் இந்தப் பரிசோதனையே நம்மட கைக்கு வந்தது, நீங்களும் குரலால பிழைக்கிற ஆள்தான், அதால சொல்றன்.

எனக்கு டொக்டர் திரையில காட்டினார். ரெண்டு வெள்ளைக் கோடு, மூச்சு இழுக்கக்குள்ள விரியிது, சத்தம் போடக்குள்ள ஒட்டுது. அந்தக் கோடு ரெண்டும் ஒண்டோட ஒண்டு முட்டுற இடத்தில ரெண்டு பக்கமும் சின்ன மொட்டு. கத்திக் கத்தி அந்த இடம் தடிச்சுப் போறதாம், பாட்டுக்காரருக்கும் டீச்சர்மாருக்கும் கூட வாறது, புற்றுநோய் இல்ல. பேச்சுப் பயிற்சிக்கு அனுப்பினாங்க, எப்பிடி மூச்ச வயித்தில இருந்து எடுத்துப் பேசிற எண்டு சொல்லித் தந்தாங்க. நீங்க அதுவரைக்கும் ரகசியம் பேசிற மாதிரி காத்தால பேசாதீங்க, அது குரலுக்கு ஓய்வு எண்டு கனபேர் நினைக்கிற, அப்பிடி பேசினாலும் தொண்டை இறுகத்தான் செய்யும். பேசாம இருக்கிறதுதான் ஓய்வு.

பொத்துவில் மகள்:

டீச்சர்ட கேள்விக்கு நேரா பதில் இல்ல, ஆனா இங்க வாசிக்கிற மற்ற ஆக்களுக்காக எழுதுறன். எங்கட அப்பா வெத்தில போடுற ஆள், பாக்கும் புகையிலையும் இல்லாம வயலுக்கு இறங்க மாட்டார். குரல் மாறினது வீட்டில எல்லாருக்கும் தெரியும், கன்னத்துக்கு உள்பக்கம் வெள்ளையா ஒரு படை இருந்தது, உறைப்புச் சாப்பிட்டா எரியிது எண்டும் சொன்னவர், ஆனா "குழாய் விட்டுப் பாப்பாங்க" எண்டு ஆரோ சொன்னதக் கேட்டுப் பயந்து அறுவடை முடியட்டும், திருவிழா முடியட்டும் எண்டு தள்ளிக்கொண்டே போனார். அம்மா அழுது கூட்டிட்டுப் போனதுக்குப் பிறகுதான் பாத்து, சின்னத் துண்டு எடுத்துச் சோதிச்சு, இப்ப மருத்துவம் நடக்குது, முந்திப் போயிருந்தா இன்னும் லேசா முடிஞ்சிருக்கும் எண்டு டொக்டர் சொன்னத என்னால மறக்க ஏலாது.

நம்மட நாட்டில ஆம்பிளைகளுக்கு வாற புற்றுநோய்ல வாய்ப் புற்றுநோய்தான் முன்னுக்கு நிக்கிது. புகையிலை சேக்காட்டியும் பாக்கு தனியாவே புற்றுநோய உண்டாக்கும் எண்டு உலக சுகாதார நிறுவனத்திட புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004லயே சொல்லிட்டு. வெத்தில வட்டா இல்லாத கலியாண வீடு நம்மட பக்கம் இல்ல, அது எனக்கும் தெரியும். ஆனா மூண்டு கிழமைக்கு மேல குரல் அடைச்சு இருந்தா, வாய்ல ஆறாத புண் இருந்தா, வெள்ளை சிவப்புப் படை இருந்தா, வாய் முந்தி மாதிரி திறபடாட்டி, தயவுசெஞ்சு போய் காட்டுங்க. அரசாங்க ஆஸ்பத்திரியில இதுக்குக் காசு இல்ல, மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை இருக்கு, கல்முனை இருக்கு, அம்பாறை இருக்கு, கொழும்புக்கு ஓடத் தேவையில்ல. அப்பாமாருக்கு இத வாசிச்சுக் காட்டுங்க.

களுவாஞ்சி டீச்சர்:

இண்டைக்குச் செஞ்சாச்சு. எல்லாருக்கும் எப்பிடி நன்றி சொல்ற எண்டு தெரியல்ல. தங்கச்சியக் கூட்டிட்டுப் போனன். உள்ளுக்குப் போன உடனே மிஸ் சொன்ன மாதிரியே பயம் எண்டு சொல்லிட்டன், அங்க நிண்ட தாதி கதிரைய இன்னும் கொஞ்சம் நிமித்தி விட்டு என்ட தோளில கை வச்சுக்கொண்டே நிண்டா. மருந்து அடிச்சு மரத்தப்ப தொண்டை வீங்கின மாதிரித்தான் இருந்தது, அது அப்பிடித்தான் இருக்கும் எண்டு இங்க வாசிச்சிருக்காட்டி நானும் எழும்பி ஓடியிருப்பன். எதிர்ச் சுவரில தடுப்பூசி அட்டவணை ஒண்டு ஒட்டியிருந்தது, ரெண்டு மாதம் நாலு மாதம் ஆறு மாதம் எண்டு மேல இருந்து வாசிச்சுக்கொண்டே வந்தன், ஒன்பது மாதத்துக்கு வாறதுக்குள்ள கமரா உள்ளுக்கு வந்துட்டு. மூக்குக்குள்ள அழுத்தம் வந்த நேரம் கண்ணால தண்ணி ஓடினது உண்மை, ஒரு தரம் ஓங்காளிக்கப் பாத்தது, கால்விரல அசைச்சன், அடங்கிட்டு. "ஈ" எண்டன், நாக்க நீட்டச் சொன்னார், கன்னத்த ஊதச் சொன்னார், எடுத்துட்டார்.

களரி அண்ணன் சொன்ன அதே மொட்டுத்தான், ரெண்டு பக்கமும். கத்தி வேலை இப்ப வேணாம், பேச்சுப் பயிற்சிக்குத் துண்டு தந்திருக்கார், தண்ணி நல்லாக் குடிக்கச் சொன்னார், ராவைக்கு சாப்பிட்டுட்டு உடனே படுக்க வேணாம் எண்டார், புளிச்ச தண்ணி மேல வந்து குரல் நாண அரிக்குமாம். அதிபருக்குக் கடிதமும் தந்தார். உள்பக்கம் இருக்கிற வகுப்பறை ஒண்டக் கேக்கப் போறன், கையில புடிக்கிற சின்ன மைக் ஒண்டும் வாங்கவேணும், பிள்ளைகளிட பரீட்சை வருது.

திருக்கோவில்:

இந்தப் பதிவுகள வாசிச்சுட்டு எங்கட அம்மாவையும் கூட்டிட்டுப் போவம் எண்டு இருக்கன், குரல் அடைச்சு கனநாள். ஆனா அவங்க இதய வருத்தத்துக்கு வோபரின் எண்ட, ரத்தம் உறையாம இருக்கிற குளிசை குடிக்கிறவங்க. ரெண்டு நாளைக்கு முதல் குளிசைய நிப்பாட்டிட்டுக் கூட்டிட்டுப் போகவா? மிஸ் இருந்தா சொல்லுங்க.

பழைய தாதி:

நிப்பாட்டாதீங்க. வீட்டில நீங்களா முடிவெடுத்து வோபரின நிப்பாட்டுறது இந்தப் பரிசோதனைய விட ஆயிரம் மடங்கு ஆபத்து, ரத்தம் கட்டி பாரிசவாதம் வரைக்கும் கொண்டு போகும். சும்மா பாக்கிறதுக்கு மட்டும் எண்டா கனபேருக்கு குளிசைய நிப்பாட்டாமலே செய்யிறவங்க, துண்டு ஏதும் எடுக்கவேணும் எண்டாத்தான் டொக்டர் வேற முடிவெடுப்பார், அது அவருக்குரிய வேலை. இதய கிளினிக் கொப்பி, ரத்தம் எவ்வளவு கெதியா உறையிது எண்டு கடைசியாப் பாத்த ஐ.என்.ஆர். துண்டு, குடிக்கிற குளிசை மட்டைகள், எல்லாத்தையும் ஒரு பையில போட்டு எடுத்துக்கொண்டு போங்க, கிளினிக்கில பேர் பதியிற இடத்திலயே "அம்மா வோபரின் எடுக்கிறவங்க" எண்டு சொல்லி கொப்பியிட முன்பக்கத்தில எழுதுவிச்சுக்கொள்ளுங்க. அம்மாட காது கேக்கிறது குறைவு எண்டா அதையும் சொல்லுங்க தம்பி, "ஈ" எண்டு சொல்லச் சொல்றது கேக்காம வயசான ஆக்கள் பதறிப் போறது உண்டு.